முதல் லாங் ரைடு, முதல் ராக் ஆல்பம்: இரண்டையும் ஒரே வார இறுதியில் தொடங்குவது எப்படி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி ஏறக்குறைய 150 கிலோமீட்டர். புதிதாக நெடுந்தூரம் ஓட்டுகிறவருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு முறை இருபது நிமிட ஓய்வு வேண்டும். பழைய எல்பி ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்குப் பிடிக்கும் பாட்டும் அதே இருபது நிமிடம்தான், கொஞ்சம் முன்னே பின்னே. ஒரு நிறுத்தத்துக்கு ரெக்கார்டின் ஒரு பக்கம். நான் ராக் இசைக்குள் நுழைந்தது இந்தக் கணக்கில்தான். உங்களுக்கும் இதையே சொல்லித் தருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடும்போது பாட்டு கேட்கக் கூடாது. நிறுத்தியபிறகு கேளுங்கள். சில வருடங்களுக்கு முன் ஹெல்மெட்டுக்குள் இயர்போன் மாட்டிக்கொண்டு கோவளம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த பஸ் எத்தனை முறை ஹாரன் அடித்ததோ தெரியாது, எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. பஸ் என்னைக் கடந்த காற்றிலேயே ஹேண்டில்பார் ஆடியது. ஓரமாக நிறுத்தி இயர்போனைக் கழற்றியபோது விரல்கள் நடுங்கின. அன்றோடு விட்டேன்.

காதுக்கும் அது கெடுதல். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலே 90 டெசிபலை எட்டும். அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமானால் சத்தத்தை இன்னும் ஏற்றித்தான் ஆக வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதி நேரம்தான் தாங்கும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி 94 டெசிபலில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

படி 1: கிளம்பும் முந்தைய வாரம், ஒரே ஒரு பாட்டு

ராக் பிடிக்கவில்லை என்று சொல்லும் பலருக்கு உண்மையில் அது ஒரே இரைச்சலாகக் கேட்கிறது, அவ்வளவுதான். எந்தச் சத்தம் எந்த வாத்தியத்திலிருந்து வருகிறது என்று காது பிரித்துவிட்டால் இரைச்சல் போய்விடும். அதைப் பழக, டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' போல ஒரு பாட்டை நான் பார்த்ததில்லை. 1972-ல் வந்த 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் இருக்கிறது. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரில் ஒரு கச்சேரியின் நடுவே சூதாட்டக் கூடம் தீப்பிடித்தது. அந்த ஆல்பத்தைப் பதிவு செய்வதற்காகவே ஊருக்கு வந்திருந்த இந்தக் குழு, ஏரியின் மேல் புகை பரவியதைப் பார்த்தது. அந்தக் காட்சிதான் பாட்டு.

இது பாடமாக அமைவது அதன் தொடக்கத்தால். வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து வந்து மேலே விழுவதில்லை, வரிசையில் வருகின்றன. முதலில் கிட்டார் மட்டும். அந்தச் சின்ன, திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்குக்கு ரிஃப் என்று பெயர். பிறகு ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டின் 'ட்சி ட்சி'. கிட்டாரோடு சேர்ந்து கரகரவென்று ஆர்கன். அப்புறம் ட்ரம்ஸின் மீதி. அதன் பிறகு தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார். குரல் எல்லாவற்றுக்கும் கடைசி.

திங்கள் முதல் வியாழன் வரை தினமும் இரண்டு முறை கேளுங்கள். சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கும்போது கேட்டாலும் சரி. ஆனால் நாளுக்கு ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். திங்கள் ரிஃப், செவ்வாய் ட்ரம்ஸ், புதன் பேஸ், வியாழன் குரல். பேஸ்தான் கடினம். போனின் சின்ன ஸ்பீக்கரில் அது அனேகமாகக் கேட்கவே கேட்காது, எனவே புதன்கிழமை கட்டாயம் ஹெட்போன்.

தாளத்தில் ஒரு விஷயம். நமக்கு ஆதி தாளமோ பஜனையோ, முதல் அட்சரத்தில் கை தட்டிப் பழக்கம். ராக்கில் நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேர் ட்ரம் 'டப்' என்று விழும். 'ஒன்று, டப், மூன்று, டப்.' செவ்வாய்க்கிழமை காலால் ஒன்றும் மூன்றும், கையால் இரண்டும் நான்கும் தட்டிப் பாருங்கள். ஒரு நாளில் பிடிபடும். பிடிபட்ட நிமிடத்திலிருந்து டீக்கடை ரேடியோவில் ஓடும் சினிமாப் பாட்டிலேயே எத்தனை இடத்தில் இந்த 'டப்' ஒளிந்திருக்கிறது என்று கேட்கத் தொடங்குவீர்கள். அதில் ஆச்சரியம் இல்லை. படங்களுக்கு இசையமைக்க வருவதற்கு முன் ஏ.ஆர். ரஹ்மானே சென்னையில் 'நெமெசிஸ் அவென்யூ' என்று ஒரு ராக் குழு வைத்திருந்தவர்.

படி 2: வெள்ளி மாலை, வண்டி

100 சிசி போதும், 150 சிசி தாராளம். புது வண்டி வாங்கிவிட்டுத்தான் லாங் ரைடு என்று காத்திருக்காதீர்கள்.

டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பாருங்கள். அளவு பெரும்பாலும் செயின் கவரிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கராக இருக்கும், இல்லாவிட்டால் கையேட்டில். வண்டியை நேராக நிறுத்தி என்ஜின் ஆயில் அளவு பாருங்கள். முன், பின் பிரேக், ஹெட்லைட், பிரேக் லைட், ஹாரன். பத்து நிமிட வேலை.

செயினுக்கு மட்டும் நேரம் கொடுங்கள். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுவிட்டு உட்காருங்கள். என்ஜின் ஓடும்போது செயின் பக்கம் கை போனால் விரல் போய்விடும். டபுள் ஸ்டாண்டு போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, செயினின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு விரலால் மேலே தூக்குங்கள், பிறகு கீழே இழுங்கள். அந்த மொத்த ஆட்டம் பெரும்பாலான 150 சிசி வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். பின் சக்கரத்தைக் கால்வாசி சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள், இப்படி நான்கு இடத்தில். ஒரு இடத்தில் தொய்வும் இன்னொரு இடத்தில் இறுக்கமுமாக இருந்தால் செயின் சீரில்லாமல் தேய்ந்திருக்கிறது. அதோடு 300 கிலோமீட்டர் போக வேண்டாம், மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். சரியாக இருந்தால் துணியால் துடைத்து செயின் லூப் (செயினுக்கான மசகு ஸ்ப்ரே) அடித்து, இரவு முழுக்க ஊற விடுங்கள்.

ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக, முகம் முழுக்க மூடுவதாக இருக்கட்டும். கையுறை, ஷூ, முழுக்கைச் சட்டை. பஞ்சர் கிட், தண்ணீர், லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ்.

படி 3: போனில் ஒரே ஆல்பம்

பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்', 1973. சுமார் 43 நிமிடம். வீட்டிலேயே டவுன்லோட் செய்துவிடுங்கள். ஷஃபிளை அணையுங்கள், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளி விழாதபடி செட்டிங்கை மாற்றுங்கள். இதில் ஒரு பாட்டு முடியும் இடத்திலேயே அடுத்தது கலந்து தொடங்கும். நடுவில் அரை நொடி மௌனம் விழுந்தாலும் கட்டிய மாலை அறுந்த மாதிரி ஆகிவிடும்.

வேகமான, ஆர்ப்பாட்டமான ஆல்பத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அப்படி ஒன்றைக் கேட்டுவிட்டு வண்டியில் ஏறினால் வலது கை தானாக முறுக்கும். முதல் பயணத்துக்கு நிதானமான ஆல்பம்தான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

படி 4: சனிக்கிழமை காலை, கிளம்புங்கள்

ஐந்தரைக்குத் திருவான்மியூர் தாண்டிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தைத் தவிருங்கள். ஜனவரி, பிப்ரவரி அருமை. விடியும் நேரத்தில் நாயும் மாடும் சாலையில் படுத்திருக்கும், வெளிச்சம் வரும்வரை ஐம்பதுக்கு மேல் வேண்டாம். முட்டுக்காடு பாலத்தில் இடது பக்கம் கடலிலிருந்து காற்று தள்ளும். அப்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்கை அணைத்துக்கொள்ளுங்கள். கை தளர்வாக இருந்தால்தான் மரத்துப் போகாது.

இயர்போன் இல்லையே, சலிக்காதா? என்ஜினைக் கேளுங்கள். ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 5000 சுற்று என்றால் நொடிக்கு ஏறக்குறைய 42 வெடிப்பு. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பியை வெறுமனே மீட்டினால் அது நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சுருதி! என் 150 சிசி வண்டியில் ஐந்தாம் கியரில் அறுபதை ஒட்டிப் போகும்போது டாக்கோமீட்டர் முள் ஐயாயிரத்தில் நிற்கும். புதன்கிழமை ஹெட்போனில் தேடிய அந்த அடிநாதம், அப்போது கால்மிதியிலும் டேங்கிலும் உடம்போடு ஒட்டிக்கொண்டு வரும். முதல் முறை இது புரிந்த அன்று ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு ரிஃப் பாடிக்கொண்டே போனேன். நீங்களும் பாடுங்கள். வாயால் பாடுவது ஹாரனை மறைக்காது.

படி 5: மாமல்லபுரம், முதல் பக்கம்

ஏறக்குறைய 45 கிலோமீட்டர். வண்டியை நிழலில் விட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்து, கழுத்தையும் தோளையும் சுழற்றிவிட்டு உட்காருங்கள். பிறகு ஹெட்போன். ஆல்பத்தின் முதல் ஐந்து தடங்கள்தான் ரெக்கார்டின் முதல் பக்கம், 19 நிமிடம்.

இதயத்துடிப்பில் தொடங்கும். நான்காவது தடமான 'டைம்' தொடங்கும்போது கடிகாரங்கள் ஒட்டுமொத்தமாக அலறும். திடுக்கிடாதீர்கள், கையில் டீ இருந்தால் முதலிலேயே கீழே வைத்துவிடுங்கள். ஐந்தாவது தடத்தில் கிளேர் டோரி என்ற பாடகி பாடுகிறார். பாட்டு வரிகள் கிடையாது, வெறும் குரல். நம் ஆலாபனைக்குப் பழகிய காதுக்கு இந்த இடம் சட்டென்று நெருக்கமாகிவிடும். ஆங்கிலம் புரியாது என்று தயங்குகிறவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

முடிந்ததும் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த ஐம்பது கிலோமீட்டரில் எந்த இடம் தலைக்குள் தானாக ஓடுகிறது என்று கவனியுங்கள். எனக்கு எப்போதும் கடிகாரம் முடிந்து ட்ரம்ஸ் தனியாக உருளும் இடம்தான்.

படி 6: ஆலம்பரை, இரண்டாம் பக்கம்

கல்பாக்கம், பாலாற்றுப் பாலம் எல்லாம் தாண்டி, கடப்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும் சிதைந்து நிற்கும் சுவர்கள், முன்னால் உப்பங்கழி. 1760-ல் ஆங்கிலேயர் இடித்த கோட்டை. சுவர் நிழலில் உட்காருங்கள், மேலே ஏறாதீர்கள், பல இடங்கள் உறுதியாக இல்லை.

மீதி ஐந்து தடங்கள், ஏறக்குறைய 23 நிமிடம். 'மனி' என்ற பாட்டில் தொடங்கும். கல்லாப்பெட்டிச் சத்தமும் சில்லறைச் சத்தமும் தாளமாக வரும். செவ்வாய்க்கிழமை பழகிய நான்கை இங்கே போட்டுப் பாருங்கள், ஒட்டாது. ஏனென்றால் இது ஏழு. 'தகிட தகதிமி' என்று சொல்லிப் பாருங்கள், நம் மிச்ர சாபுவின் அதே ஏழு. நடுவில் கிட்டார் தனியாக வரும் இடத்தில் தாளம் நான்குக்கு மாறி, பிறகு மறுபடி ஏழுக்குத் திரும்பும். எந்த இடத்தில் மாறுகிறது என்று விரல் விட்டு எண்ணிப் பிடியுங்கள். நான் மூன்றாவது முறைதான் பிடித்தேன். அந்தச் சந்தோஷத்துக்காகவே இன்னொரு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கடைசித் தடம் தேய்ந்து மறையும்போது, தொடக்கத்தில் வந்த அதே இதயத்துடிப்பு திரும்ப வரும். முழுக்க அடங்கும்வரை ஹெட்போனைக் கழற்றாதீர்கள்.

படி 7: புதுச்சேரி

ஆலம்பரையிலிருந்து மரக்காணத்து உப்பளங்கள் வழியாக இன்னும் ஐம்பது கிலோமீட்டர். வெயில் ஏறியிருக்கும், கண் கூசும். நிறுத்தி நிறுத்திப் போங்கள். அன்றே திரும்ப வேண்டாம். முதல் தடவையே ஒரே நாளில் 300 கிலோமீட்டர் ஓட்டினால், திரும்பும் வழியில் கவனம் சிதறும்.

மாலை கடற்கரையில், தமிழில் கேட்கத் தோன்றினால் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய குழு. கானாவும் ராக்கும் ராப்பும் ஒன்றாக நிற்கும். கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்கள் பெங்களூரு அகம் குழுவைத் தேடுங்கள், தெரிந்த கீர்த்தனையை கிட்டாரும் ட்ரம்ஸும் எப்படிச் சுமக்கின்றன என்று பார்க்கலாம்.

படி 8: ஞாயிறு மாலை, வீடு

இதைத் தள்ளிப் போடாதீர்கள். கடற்காற்றின் உப்பு செயினிலும் ஸ்போக்கிலும் படிந்திருக்கும், விட்டால் சில நாளில் துரு பிடிக்கும். வண்டி ஆறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். செயினைத் துடைத்து லூப் அடியுங்கள். நிதானமாகச் செய்தால் முக்கால் மணி நேரம் ஆகும்.

ஸ்பீக்கரை வாசல் படியில் வைத்து, ஆல்பத்தை முதல் தடத்திலிருந்து நிறுத்தாமல் ஓட விடுங்கள். கடிகாரங்கள் அடிக்கும்போது சக்கரம் கழுவிக்கொண்டிருப்பீர்கள். 'மனி' வரும்போது செயினுக்கு வந்திருப்பீர்கள், கை தானாக ஏழு ஏழாகத் துடைக்கும்.