பிள்ளையோடு வெளிநாடு போகிறவர்கள் செய்யக் கூடாதவை

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பெண் ஏழு வயதுவரை வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசித்தான் வளர்ந்தாள். யாரிடம் எந்தப் பாஷை என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மனைவிக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்து, ஒரு ஜனவரியில் மூன்று பேரும் போனோம். போனதும் அந்தச் சாமர்த்தியத்தை நாங்களே கெடுக்கப் பார்த்தோம். இங்கிலீஷ் சீக்கிரம் வரட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிட்டோம்.

பள்ளியில் வாய் திறக்காதவள் வீட்டிலும் பேச்சைக் குறைத்தாள். எங்கள் இங்கிலீஷும் அரைகுறைதான். "ஹவ் வாஸ் ஸ்கூல்?" "குட்." அதோடு சரி. கடைசியில் வகுப்பு டீச்சர்தான் சொன்னார்: புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் பலர் சில வாரம், சில மாதம்கூடப் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், பயப்பட வேண்டாம், வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள் என்று. அன்று ராத்திரி தமிழில் கேட்டேன். சோறு ஆறிப்போகும்வரை பேசினாள். டாய்லெட் போக எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தினமும் மத்தியானம்வரை அடக்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

டாய்லெட், தண்ணீர், வயிற்றுவலி, புரியவில்லை. இந்த நாலுக்கும் வேண்டிய வாக்கியங்களை விமானம் ஏறுமுன்னே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் ஏ, பி, சி, டி எழுதவைத்துக்கொண்டிருந்தோம்.

மொழி வரவில்லையே, ஒரு வகுப்பு கீழே போடுங்கள் என்றும் கேட்டுப் பார்த்தேன். கேட்டிருக்கவே கூடாது. அங்கே செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு, பெரும்பாலும் வயதுதான் கணக்கு. அதுவும் நல்லதுதான், ஒத்த வயதுப் பிள்ளைகளோடு விளையாடித்தானே பேச்சு வரும்.

இன்னொன்று, கிளம்பும்போது நாங்கள் சொன்ன பொய். அழுவாளே என்று, "கோயமுத்தூர் போயிட்டு வர்றோம்னு சொல்லு" என்று அவளை அம்மிச்சியிடம், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியிடம், சொல்லவைத்தோம். அப்புறம் பல வாரம் "எப்பத் திரும்பிப் போறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அழட்டும் என்று விட்டு, உண்மையைச் சொல்லிக் கட்டிப்பிடிக்க விட்டிருக்கலாம்.

போன் பேசுவதிலும் கோட்டை விட்டோம். குளிர்காலத்தில் நம் கடிகாரம் அங்கத்தியதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். பள்ளி விட்டு நாலரைக்குக் கூப்பிட்டால் ஊரில் ராத்திரி பத்து, அம்மிச்சி தூங்கியிருப்பார். காலையில் ஏழரைக்குக் கூப்பிட்டால் ஊரில் மத்தியானம் ஒரு மணி. மார்ச் கடைசியில் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், இடைவெளி நாலரையாகும்.

ஒரு ராத்திரி காற்று சன்னலை அடித்தது. "இது வேலந்தாவளத்துப் பக்கமிருந்து வர்ற காத்தாப்பா?" என்றாள். வேலந்தாவளம் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். "இல்லை, தூங்கு" என்றேன். காலையில் அம்மிச்சியிடமும் அதையே கேட்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் போனை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். பனையோலை சலசலப்பது எனக்கும் கேட்டது.