என்ஜின் ஸ்வாப்புக்கு ஏற்ற ஈசியூவைத் தேர்ந்தெடுப்பது எப்படி: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

ஒரு காரில் வேறொரு காரின் என்ஜினைப் பொருத்தும்போது மவுண்ட், ரேடியேட்டர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் வேலைகள் என்பதால் நம் கவனம் முழுவதும் அவற்றிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் பொருத்தி முடித்த என்ஜின் ஒழுங்காக ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது ஈசியூ எனப்படும் என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினிதான். எந்த நொடியில் பெட்ரோலைத் தெளிப்பது, எவ்வளவு தெளிப்பது, எப்போது தீப்பொறி தருவது என்ற மூன்றையும் அதுதான் முடிவு செய்கிறது. ஸ்வாப் வேலை முக்கால்வாசி முடிந்த பிறகு ஈசியூவைப் பற்றி யோசிக்கத் தொடங்கியவர்களின் வண்டிகள் மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். எனவே என்ஜினை வாங்குவதற்கு முன்பே, குறைந்தபட்சம் வாங்கும் நாளிலாவது, கீழ்க்கண்ட படிகளைத் தாளில் எழுதி முடித்துவிடுங்கள்.

படி 1: வண்டி எதற்காக என்று எழுதுங்கள்

வண்டி தினமும் சாலையில் ஓடப்போகிறதா, பந்தயத் தடத்தில் மட்டும் ஓடப்போகிறதா என்பதை முதலில் எழுதுங்கள். சாலையில் ஓட்டுவதாக இருந்தால், உங்கள் ஊரின் புகைப் பரிசோதனை எந்த முறையில் நடக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். புகைக்குழாயில் கருவியை வைத்துப் புகையை அளப்பதோடு சோதனை முடிந்துவிடுமானால் உங்களுக்குச் சுதந்திரம் அதிகம். வண்டியின் பிழைகளைப் படிப்பதற்கான ஓபிடி-2 சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, ஈசியூவின் சுயபரிசோதனைகள் நிறைவடைந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்களானால், தொழிற்சாலை ஈசியூவுக்குப் பதிலாக வெளியில் வாங்கிப் பொருத்தும் தனி ஈசியூக்களில் பெரும்பாலானவை அந்தத் தகவலை முழுமையாகத் தருவதில்லை. அப்போது என்ஜினோடு பிறந்த தொழிற்சாலை ஈசியூவே கிட்டத்தட்ட ஒரே வழியாகிவிடுகிறது.

படி 2: என்ஜின் தன் நிலையை எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கிராங்க் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது தெரியாமல் ஈசியூவால் எதையும் செய்ய முடியாது. அதற்காகவே கிராங்கில் ஒரு பற்சக்கரமும் அதன் எதிரே ஒரு சென்சாரும் இருக்கின்றன. பல ஐரோப்பிய என்ஜின்களில் 60 பற்களுக்கான இடத்தில் 2 பற்கள் இல்லாமல் 58 பற்கள் இருக்கும். ஒரு பல்லுக்கு 6 பாகை. பல் இல்லாத அந்த இடைவெளியே ஈசியூவுக்கு அடையாளக்கல். ஃபோர்டு என்ஜின்கள் பலவற்றில் 36 பற்களில் ஒன்று குறைந்திருக்கும். சுபாருவின் பல என்ஜின்களில் 36 பல் சக்கரத்தில் மூன்று இடங்களில் இரண்டிரண்டு பற்கள் இருக்காது. நிசானின் ஆர்பி வரிசை என்ஜின்களில் கேம் ஷாஃப்ட் முனையில் 360 துளைகள் கொண்ட தகடும் ஒளி சென்சாரும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் என்ஜின்களில் முந்தையவை 24 பல் வகை, பிந்தையவை 58 பல் வகை. இந்த இரண்டுக்கும் ஈசியூ வேறு வேறு. வெளியிலிருந்து பார்த்தால் என்ஜின் ஒன்றுபோலவே இருக்கும். பொதுவாக கிராங்க் சென்சார் கருப்பு நிறமாக இருந்தால் 24, சாம்பல் நிறமாக இருந்தால் 58 என்று அடையாளம் காண்பார்கள். யாராவது சென்சாரை மாற்றியிருக்கலாம் என்பதால் பல்லையே எண்ணிப் பார்ப்பதுதான் எனக்குத் திருப்தி.

உங்கள் என்ஜினின் பல் அமைப்பு, நீங்கள் வாங்க நினைக்கும் ஈசியூ ஏற்கும் அமைப்புகளின் பட்டியலில் இருக்கிறதா என்று பெயர் சொல்லித் தேடுங்கள். "எல்லா என்ஜினுக்கும் பொருந்தும்" என்ற விளம்பர வரியை இந்த விஷயத்தில் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, சென்சாரின் வகையைப் பாருங்கள். இரண்டு கம்பிகள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் காந்தச் சுருள் வகை. அது தானே மின்னலையை உண்டாக்கும், வேகம் கூடக்கூட அந்த அலையும் உயரும். மூன்று கம்பிகள் இருந்தால் பெரும்பாலும் ஹால் வகை. அதற்கு 5 அல்லது 12 வோல்ட் கொடுத்தால் சதுர அலையைத் திருப்பித் தரும். காந்தச் சுருள் வகையிலேயே மூன்றாவதாக ஒரு கவசக் கம்பி வருவதும் உண்டு. ஆகவே கம்பியை எண்ணியதோடு நிறுத்தாமல், மல்டிமீட்டரில் ஓம் அளவு பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் செய்த ஸ்வாப்பில் காந்தச் சுருள் சென்சாரின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி இணைத்துவிட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஐடிலில் டைமிங் லைட்டை (பொறி விழும் நொடியில் மின்னும் விளக்கை) வைத்தபோது குறி சரியான இடத்தில்தான் நின்றது. ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினால் அந்த வெள்ளைக் கோடு புல்லியின் மீது நழுவிக்கொண்டே போனது. 3000 சுற்றைத் தாண்டியதும் என்ஜின் திக்கித் திக்கி நின்றது. இரண்டு வாரம் பெட்ரோல் பம்பையும், பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஆசிலோஸ்கோப்பை மாட்டிப் பார்த்தபோதுதான் விடை தெரிந்தது. சரியாக இணைத்திருந்தால் ஒவ்வொரு பல்லின் நடுவிலும் அலை பூஜ்ஜியக் கோட்டைச் செங்குத்தாக வெட்டிச் செல்லும். என்னுடையதிலோ பற்களுக்கு இடையில், அதிலும் பல் இல்லாத இடைவெளியில் மிகச் சாய்வாக, தவழ்ந்தபடி கடந்தது. கடக்கும் புள்ளி வேகத்துக்கேற்ப நகர்ந்ததால் ஈசியூவின் கணக்கும் கூடவே நகர்ந்திருக்கிறது. கம்பிகளை மாற்றிப் பொருத்த ஐந்து நிமிடம் ஆனது. அன்றுமுதல், சென்சார் அலையைத் தன் திரையிலேயே வரைந்து காட்டும் வசதி உள்ள ஈசியூவாகத்தான் தொடக்கநிலையாளர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

கேம் சென்சாரையும் மறக்க வேண்டாம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினின் ஒரு சுழற்சி 720 பாகை, அதாவது கிராங்கின் இரண்டு சுற்று. எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று சொல்வது கேம் சென்சார்தான்; அது இல்லாவிட்டால் சிலிண்டர் வாரியாகத் தனித்தனியே இன்ஜெக்‌ஷன் செய்ய முடியாது.

படி 3: வெளியீடுகளை எண்ணுங்கள்

ஆறு சிலிண்டர் டர்போ என்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்ஜெக்டருக்கு 6, காயிலுக்கு 6, வால்வு டைமிங் சோலனாய்டுக்கு 1, பூஸ்ட் சோலனாய்டுக்கு 1, ஐடில் வால்வுக்கு 1, பெட்ரோல் பம்ப் ரிலேவுக்கு 1, ஃபேன் ரிலேக்களுக்கு 2, ஏசி ரிலேவுக்கு 1, ஆர்பிஎம் மீட்டருக்கு 1. ஆக மொத்தம் 20 வெளியீடுகள் தேவை. ஈசியூவில் 16தான் இருக்கிறது என்றால், இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே நேரத்தில் பொறி தரும் முறையில் காயில்களை இணையிணையாக ஓட்டி 3 வெளியீடுகளையும், இன்ஜெக்டர்களை இணையாக்கி இன்னொரு 3 வெளியீடுகளையும் மிச்சப்படுத்தலாம். என்ஜின் அதிலும் நன்றாகவே ஓடும். ஆனாலும் பின்னால் ஏதாவது சேர்க்கத் தோன்றும் என்பதால் இரண்டு மூன்று வெளியீடுகள் மீதமிருக்கும்படி வாங்குவது நல்லது. ஐடில் வால்வு நான்கு அல்லது ஆறு கம்பிகள் கொண்ட ஸ்டெப்பர் மோட்டார் வகையாக இருந்தால் அதற்கு ஒரு வெளியீடு போதாது, ஈசியூவில் அதற்கென்றே டிரைவர் இருக்க வேண்டும்.

எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் போதாது, வகையும் பொருந்த வேண்டும். இன்ஜெக்டரின் இரு முனைகளிலும் ஓம் அளவு பாருங்கள். 12 முதல் 16 ஓம் என்று காட்டினால் எந்த ஈசியூவும் நேரடியாக இயக்கும். 2 அல்லது 3 ஓம் என்று காட்டினால், முதலில் அதிக மின்னோட்டம் கொடுத்துப் பின் குறைத்துப் பிடிக்கும் டிரைவர் உள்ள ஈசியூ வேண்டும், இல்லையென்றால் வரிசையில் ரெசிஸ்டர் வைக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் இணைத்தால் ஈசியூவின் டிரான்சிஸ்டர் எரிந்துவிடும். காயிலிலும் இதே கவனம் வேண்டும். உள்ளேயே இக்னைட்டர் (காயிலின் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்ச்) உள்ள காயிலுக்கு ஈசியூவிலிருந்து 5 வோல்ட் சிக்னல் போதும். இக்னைட்டர் இல்லாத காயிலுக்கு, ஈசியூவுக்குள் டிரைவரோ வெளியில் தனி இக்னைட்டரோ கட்டாயம் தேவை. மென்பொருளில் காயிலின் சிக்னல் திசையைத் தலைகீழாகக் குறித்துவிட்டால், சாவியைத் திருப்பியவுடன் காயில் தொடர்ந்து சார்ஜ் ஆகிக் கை வைக்க முடியாத சூடாகிவிடும். அதனால் முதல்முறை சாவியைத் திருப்பும்போது காயில் ஃபியூஸைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

படி 4: சிறப்பு வேலைகள்

த்ராட்டிலைக் கேபிள் இழுக்கிறதா, மோட்டார் திறக்கிறதா? மோட்டார் வகை என்றால் பெடலில் இரண்டு சென்சார்களும் த்ராட்டிலில் இரண்டு சென்சார்களும் இருக்கும்; இரண்டும் ஒன்றையொன்று சரிபார்த்து, முரண்பட்டால் த்ராட்டிலை மூடிவிடுவது உயிர்காக்கும் ஏற்பாடு. மலிவு விலை ஈசியூக்கள் சிலவற்றில் இந்த வசதி இருக்காது, அல்லது தனிப் பெட்டியாக வரும். இந்த ஒரு இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

நேரடி இன்ஜெக்‌ஷன் என்ஜின், அதாவது சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைத் தெளிக்கும் வகை என்றால், அந்த இன்ஜெக்டர்களைத் திறக்க பேட்டரியின் 12 வோல்ட் போதாது; அதைப் பல மடங்கு உயர்த்தித் தரும் சுற்று ஈசியூவுக்குள் இருக்க வேண்டும், உயர் அழுத்தப் பம்பையும் அதுவே கட்டுப்படுத்த வேண்டும். இதைச் செய்யும் தனி ஈசியூக்கள் குறைவு, விலையும் அதிகம். முதல் ஸ்வாப்பில் இந்த வகை என்ஜினைத் தொடாமல் இருப்பதும், தொட்டால் தொழிற்சாலை ஈசியூவோடு தொடுவதும் நல்லது.

படி 5: வண்டியின் பக்கம்

என்ஜினைப் பார்த்தாயிற்று, அதை ஏற்கப்போகும் வண்டி என்ன எதிர்பார்க்கிறது என்பதையும் பாருங்கள். பழைய வண்டியின் ஆர்பிஎம் மீட்டருக்கு ஒரு துடிப்புக் கம்பி போதும். புதிய வண்டிகளில் மீட்டர், பவர் ஸ்டீரிங், ஏபிஎஸ், ஏசி எல்லாம் கேன் எனும் தகவல் இணைப்பில் பேசிக்கொள்கின்றன. என்ஜினிடமிருந்து வர வேண்டிய செய்தி வரவில்லையென்றால் எச்சரிக்கை விளக்குகள் எரியும், சில வண்டிகளில் பவர் ஸ்டீரிங்கே உதவி தர மறுக்கும். உங்கள் வண்டியின் கேன் செய்திகளை அந்த ஈசியூ அனுப்புமா, அல்லது நீங்களே எழுதிச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் அதை யார் கட்டுப்படுத்துவது என்பது தனிக் கேள்வி. முந்தைய எல்எஸ் என்ஜின்கள் பலவற்றில் 4எல்60இ கியர்பாக்ஸை அதே தொழிற்சாலைக் கணினியே இயக்குகிறது. தனி ஈசியூவுக்கு மாறினால் கியர்பாக்ஸுக்கும் ஒரு கணினி வாங்க வேண்டிவரலாம்.

படி 6: எந்த வகை ஈசியூ?

இதுவரை எழுதிய தாளை வைத்துக்கொண்டு பார்த்தால் பதில் கிட்டத்தட்ட தானே வந்துவிடும்.

டோனர் வண்டியிலிருந்து, அதாவது என்ஜின் எடுத்த வண்டியிலிருந்து, ஈசியூ, வயரிங் ஹார்னஸ், பெடல், சாவி, இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் என்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) பெட்டி எல்லாம் ஒரே தொகுப்பாகக் கிடைத்து, என்ஜினிலும் பெரிய மாற்றம் இல்லையென்றால், தொழிற்சாலை ஈசியூதான் என் முதல் பரிந்துரை. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆவதிலும், மலை ஏறும்போது காற்றழுத்தம் குறைவதைச் சமாளிப்பதிலும், நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் முறைதவறி வெடிப்பது) வந்தால் டைமிங்கைக் குறைப்பதிலும் உற்பத்தியாளர் செலவிட்ட உழைப்பு அத்தனையும் உங்களுக்கு அப்படியே கிடைக்கிறது. சாவி இல்லாமல் ஈசியூ மட்டும் கிடைத்தால், இம்மொபிலைசர் பெட்ரோலையோ பொறியையோ நிறுத்திவிடும். அந்தக் குறிப்பிட்ட ஈசியூவில் அதை நீக்கித் தருபவர் இருக்கிறாரா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் ஈசியூக்களை எச்பி டியூனர்ஸ் மென்பொருளால் மாற்றி எழுதலாம். ஹோண்டாவின் கே20 என்ஜினுக்கு ஹோண்டாட்டா நிறுவனத்தின் கே-ப்ரோ, தொழிற்சாலை ஈசியூவையே மாற்றியமைத்துத் தருகிறது.

சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் புகுந்து சிக்னலைத் திரித்துத் தரும் பிக்கிபேக் கருவிகள், ஸ்வாப்புக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

டர்போ சேர்க்கிறீர்கள், இன்ஜெக்டரை மாற்றுகிறீர்கள், அல்லது பழைய ஹார்னஸ் நறுக்கப்பட்டுக் கிடக்கிறது என்றால் தனி ஈசியூவுக்குப் போங்கள். ஹால்டெக், லிங்க், ஈசியூமாஸ்டர், மேக்ஸ்ஈசியூ, மோடெக் போன்றவை ஆயத்தமாகக் கிடைப்பவை. ஓரளவு சாலிடரிங் தெரிந்து, படித்துக் கற்கும் பொறுமையும் இருந்தால் மெகாஸ்குவர்ட், ஆர்டுயினோ மெகா பலகையில் ஓடும் ஸ்பீடுயினோ ஆகியவை குறைந்த செலவில் நிறையக் கற்றுத்தரும். இரண்டுக்கும் டியூனர்ஸ்டூடியோ என்ற ஒரே மென்பொருள் போதும். டர்போ வைத்தால், என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் எல்லையையும் பாருங்கள்: வளிமண்டலத்துக்கு மேல் 1.5 பார் பூஸ்ட் என்றால் மொத்த அழுத்தம் சுமார் 2.5 பார், ஆகவே 3 பார் சென்சார் வேண்டும்.

படி 7: யார் டியூன் செய்வார்?

ஈசியூவை வாங்குவதற்கு முன், அதை டியூன் செய்யப்போகும், அதாவது பெட்ரோல் அளவையும் டைமிங்கையும் உங்கள் என்ஜினுக்கேற்பச் சரிசெய்யப்போகும் ஆளைப் பாருங்கள். அவருக்கு நன்றாகக் கைவந்த நடுத்தர ஈசியூ, அவர் தொட்டே பார்க்காத உயர்ரக ஈசியூவைவிட உங்கள் என்ஜினுக்குப் பாதுகாப்பானது. நீங்களே டியூன் செய்வதாக இருந்தால், பாஷ் எல்எஸ்யூ 4.9 வகை வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரை ஈசியூ நேரடியாக ஏற்குமா என்று பாருங்கள். காற்று-பெட்ரோல் விகிதம் தெரியாமல் டியூனிங் செய்யக் கூடாது.

படி 8: பெட்டி வந்தபின் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்

சென்சார்களின் கிரவுண்ட் கம்பிகளை ஈசியூவின் சென்சார் கிரவுண்ட் பின்னுக்கு மட்டும் கொண்டுபோங்கள், பாடியில் இணைக்காதீர்கள். ஈசியூவின் பவர் கிரவுண்டை என்ஜின் பிளாக்கில் சுரண்டிச் சுத்தம் செய்த உலோகத்தில் இறுக்குங்கள். இன்ஜெக்டர்களையும் காயில்களையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி, திரையில் ஆர்பிஎம் 150 முதல் 250 வரை நிலையாகக் காட்டுகிறதா, சிங்க் இழப்பு (கிராங்கின் நிலையை ஈசியூ தவறவிடுவது) எண்ணிக்கை பூஜ்ஜியத்திலேயே நிற்கிறதா, பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் காயில்களை மட்டும் இணைத்து, மென்பொருளில் டைமிங்கை 10 பாகையில் பூட்டி, டைமிங் லைட்டில் புல்லியின் குறியும் 10 காட்டும்வரை ஆஃப்செட் எண்ணைத் திருத்துங்கள். அதற்குப் பிறகுதான் இன்ஜெக்டர்களை இணைக்க வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே பூட்டோடு 3000 சுற்று வரை மெல்ல உயர்த்தி, டைமிங் லைட் வெளிச்சத்தில் அந்த வெள்ளைக் கோடு அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பூட்டை எடுத்துவிட்டு டியூனிங்கைத் தொடங்கலாம்.