பழைய போன், லேப்டாப் விற்கிறீர்களா? ரீஃபண்ட் தகராறில் பணத்தை இழக்காமல் இருக்கும் வழி

ஆன்லைனில் விற்ற பொருள் சரியில்லை என்று வாங்கியவர் புகார் கொடுத்தால், தீர்ப்பு சொல்லும் விற்பனைத் தள ஊழியர் அந்தப் பொருளைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. இரு தரப்பும் அனுப்பிய படங்களையும் செய்திகளையும் வைத்துத்தான் முடிவெடுப்பார். புகார் வந்த பிறகு ஆதாரம் தேடினால் கிடைக்காது, பொருள்தான் கைவிட்டுப் போய்விட்டதே. அதனால் முக்கால்வாசி வேலை விற்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

1. ரீசெட் செய்வதற்கு முன் அடையாளங்களைப் பதிவு செய்யுங்கள்

போனில் *#06# என்று டயல் செய்தால் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். சீரியல் நம்பர் செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியில் இருக்கும். பேட்டரி ஹெல்த், ஸ்டோரேஜ் அளவு ஆகியவற்றையும் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் என்றால் அடிப்பக்க சீரியல் நம்பர் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியின் (தகவல்களைச் சேமிக்கும் டிரைவ்) சீரியல் நம்பர், ரேமின் அளவு இரண்டையும் குறித்து வையுங்கள். திரும்பி வரும் லேப்டாப்பில் வெளிக்கூடு உங்களுடையதாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருந்தால், இந்தக் குறிப்பு இல்லாமல் உங்களால் எதையும் நிரூபிக்க முடியாது.

2. கணக்குகளை நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள்

இந்த வரிசை மாறக் கூடாது. ஐபோனில் முதலில் தொலைந்த போனைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை' வசதியை அணைத்து, ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன் பிறகே அழிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் முதலில் கூகுள் கணக்கை நீக்க வேண்டும். கணக்கை நீக்காமல் ரெகவரி (செட்டிங்ஸுக்குள் போகாமலே போனை அழிக்க உதவும் மெனு) வழியாக அழித்தால், புதிதாக ஆன் செய்யும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்டு போன் பூட்டிக்கொள்ளும். வாங்கியவரைப் பொறுத்தவரை அது உபயோகமில்லாத பொருள். அந்தப் புகாரில் அவர் பக்கம்தான் நியாயம்.

ரீசெட் முடிந்ததும் ஒருமுறை ஆன் செய்து, பழைய கணக்கைக் கேட்காமல் செட்டப் தொடங்குகிறது என்பதை வீடியோ எடுங்கள். பிறகு செட்டப்பைத் தொடராமல் ஆஃப் செய்துவிடுங்கள்.

3. விளம்பரத்தில் குறையை முதலில் எழுதுங்கள்

'நல்ல கண்டிஷன்' என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம். இப்படி எழுதுங்கள்: "திரையின் வலது மேல் மூலையில் 1 செ.மீ. கீறல், 3-வது படத்தில் காண்க. பேட்டரி ஹெல்த் 84 சதவீதம். சார்ஜர் கிடையாது. திரை ஒருமுறை மாற்றப்பட்டது, ஒரிஜினல் அல்ல." எழுதிய ஒவ்வொரு குறையும், பின்னாளில் அதையே காரணமாகக் காட்டி வரும் புகாருக்கு முன்கூட்டியே கொடுத்த பதில்.

'ரிட்டர்ன் கிடையாது' என்று போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். மனம் மாறித் திருப்புபவர்களை அது தடுக்கலாம். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை என்ற புகாரை அது தடுக்காது.

4. வெட்டாத ஒரே வீடியோவில் பேக் செய்யுங்கள்

சீரியல் நம்பர் தெரியும்படி பொருளைக் காட்டி, சுற்றி, பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, டிராக்கிங் லேபிள் ஒட்டி, எடை இயந்திரத்தில் வைப்பது வரை கேமரா விலகக் கூடாது. நடுவில் ஒரு வெட்டு இருந்தாலும், அந்த நேரத்தில் பொருளை மாற்றியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். பார்சல் அலுவலக ரசீதில் எடை இருந்தால் பத்திரப்படுத்துங்கள். 'பெட்டி காலியாக வந்தது' என்ற புகாருக்கு அதைவிட வலுவான பதில் இல்லை.

எல்லாப் பக்கமும் சுமார் 5 செ.மீ. மெத்தை இருக்கட்டும். குலுக்கினால் உள்ளே அசையக் கூடாது. உப்பிய பேட்டரி உள்ள பொருளைப் பார்சலில் அனுப்பவே கூடாது, தீப்பிடிக்கலாம்.

பணம் செலுத்திய பிறகு 'வேறு முகவரிக்கு அனுப்புங்கள்' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். ஆர்டரில் உள்ள முகவரிக்குப் போய்ச் சேர்ந்ததை டிராக்கிங் காட்டினால்தான் விற்பவருக்குப் பாதுகாப்பு. வேண்டுமானால் ஆர்டரை ரத்து செய்து, சரியான முகவரியோடு மீண்டும் வாங்கச் சொல்லுங்கள்.

5. புகார் வந்துவிட்டால்

முதலில் கெடு தேதியைப் பாருங்கள். இபேயில் ரிட்டர்ன் கோரிக்கைக்குப் பதில் சொல்ல விற்பவருக்கு 3 வேலை நாட்கள் உண்டு. பதில் சொல்லாமல் விட்டால், ஆதாரம் எவ்வளவு இருந்தாலும் தோற்கும் நிலை வரலாம்.

பேச்சு முழுவதும் விற்பனைத் தளத்தின் மெசேஜிலேயே நடக்கட்டும். கோபம் வேண்டாம், அதைப் படிக்கப்போவது மூன்றாவது மனிதர். இவ்வளவு போதும்: "சிரமத்துக்கு வருந்துகிறேன். குறை தெரியும்படி ஒரு படமும், சீரியல் நம்பர் தெரியும்படி ஒரு படமும் அனுப்புங்கள். எந்த சார்ஜரில் போட்டுப் பார்த்தீர்கள்?" கடைசிக் கேள்வி வீணல்ல. முழுவதும் வற்றிய பேட்டரியும் சக்தி குறைந்த சார்ஜரும் சேர்ந்தால், நல்ல லேப்டாப்பும் செத்தது போலத்தான் தோன்றும்.

குறை உண்மையிலேயே உங்கள் கண்ணில் படாமல் போயிருந்தால், வாதாடாமல் திரும்பப் பெறுங்கள். அதுதான் நேர்மை, செலவும் குறைவு.

'பாதிப் பணம் கொடுங்கள், பொருளை வைத்துக்கொள்கிறேன்' என்று படம் எதுவும் அனுப்பாமல் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முழுப் பொருளையும் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். ஏமாற்ற நினைப்பவர் பெரும்பாலும் அதோடு விலகிவிடுவார்.

6. ரிட்டர்ன் பார்சலைத் திறக்கும்போது

மறுபடியும் வெட்டாத வீடியோ. பிரிக்கும் முன் லேபிள், டேப், எடை. பிரித்ததும் சீரியல் நம்பர். போனில் செட்டிங்ஸில் தெரியும் எண்ணைத்தான் முதல் படியில் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டோடு ஒப்பிட வேண்டும். சிம் ட்ரேயில் உள்ள எண்ணை நம்பாதீர்கள், ட்ரேயை மாற்றுவது எளிது.

எண் பொருந்தவில்லையா? ரீஃபண்ட் பட்டனை அழுத்தாமல், அன்றே தளத்தில் புகார் கொடுங்கள். காவல் துறைப் புகாரின் நகலைக் கேட்கவும் கூடும்.

7. பணத்தை வந்த வழியிலேயே திருப்புங்கள்

ரீஃபண்டை வேறு கணக்குக்கு நேரடியாக அனுப்பவே கூடாது. அப்படி அனுப்பிய பணம் அந்த ஆர்டரில் பதிவாகாது. வாங்கியவர் அதன் பிறகு தளத்திலோ வங்கியிலோ மறுபடி புகார் கொடுத்தால், இரண்டாவது முறையும் உங்கள் பணம் போகும். வங்கி வழியாக சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வாங்கியவர் தன் வங்கி மூலம் திரும்பக் கேட்பது) தொடங்கிவிட்டது என்று தெரிந்தாலும் இதே கவனம் தேவை. தனியாக ரீஃபண்ட் கொடுக்காமல், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், மெசேஜ்கள், டிராக்கிங், சீரியல் நம்பர் படங்களைத் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப்பாக்கி அனுப்புங்கள்.

ஆன்லைன் பணப் பரிமாற்றச் சேவையான பேபாலில் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாட்கள் வரை புகார் திறக்கலாம். அதுவரை வீடியோக்களை அழிக்காதீர்கள், போனில் ஒரு பிரதி, வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும்.