மாத்திரையோடு கசாயமும் சாப்பிடுகிறவர்கள் செய்யும் பிழைகள்

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஹைகிரவுண்டுக்குப் போனால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. இரண்டு இடத்திலும் மருந்து வாங்குகிறவர்கள் நெல்லைப் பக்கம் நிறையப் பேர். அதில் தப்பில்லை. இங்கே எழுதிய சீட்டை அங்கே காட்டாமல் மறைப்பதில்தான் வம்பு வருகிறது.

சர்க்கரை நோயில் அது சீக்கிரமே தெரிந்துவிடும். கிளிமிபிரைடு மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. சிறுகுறிஞ்சான் பொடியும் சர்க்கரையை இறக்கக்கூடியது. காலையில் இரண்டையும் போட்டுவிட்டு, இட்லி சாப்பிட நேரமாகிவிட்டால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண் இருட்டும். அளவு 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை குடிக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பொடியில் அளவு நன்றாக இறங்குகிறதே என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவது இதைவிடக் கெடுதல். கருப்பட்டிக் காப்பி சர்க்கரையை ஏற்றாது என்று நம்பவும் வேண்டாம். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான்.

தைராய்டு, கால்சியம், இரும்புச்சத்து என எல்லா மாத்திரையையும் ஒரே டப்பாவில் வைத்து, காலைக் காப்பியோடு ஒரே வாயில் விழுங்கும் ஆச்சிமார் எத்தனை பேர்! கால்சியமும் இரும்பும் குடலில் தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு போதாதபோது ஏறும் அளவு) ஏறியிருக்கும், டாக்டரும் மாத்திரையின் அளவைக் கூட்டிவிடுவார். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடிக்கலாம். மற்ற இரண்டுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இளநீர் குளிர்ச்சிதான். ஆனால் சிறுநீரகம் பழுதாகி, லோசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் உடம்பில் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். இருமலுக்கு அதிமதுரத்தை நாள்கணக்கில் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும்.

இதற்கு நேர்மாறான பிழை காசநோயில் நடக்கிறது. ஐசோநியாசிட் மருந்து நரம்பைப் பாதிக்கக்கூடும் என்பதால்தான் கூடவே பி6 மாத்திரை தருகிறார்கள். சத்து மாத்திரைதானே என்று அதை விட்டுவிடுகிறார்கள். பிறகு பாதம் எரிகிறது, விரல் மரத்துப்போகிறது. மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று, ஆறு மாதம் முழுக்கச் சாப்பிட வேண்டிய காசநோய் மாத்திரையையும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.