பேரிடருக்குப் பின் ஊர் கூடிச் செயல்பட: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக் கரைகளில் ஏறி உயிர்களை வாரிக்கொண்டு போனது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கடலில் இருந்தவர்களையும் மலையோரத்து ரப்பர், வாழைத் தோட்டங்களையும் ஒருசேரத் தாக்கியது. 2021இல் மழைவெள்ளம் வயலையும் வீட்டையும் மூழ்கடித்தது. ஒவ்வொரு முறையும் முதலில் ஓடிவந்தவர்கள் பக்கத்து வீட்டாரும் பக்கத்து ஊராருமே. ஆயினும், மனம் இருந்து ஒழுங்கு இல்லாத இடத்தில், சாலையோர ஊருக்குச் சோற்றுப்பொதி திரும்பத் திரும்ப வந்து சேர, சானல் (பாசனக் கால்வாய்) கரையிலோ மலையடிவாரத்திலோ உள்ள சிறு குடியிருப்புக்கு எதுவுமே போய்ச் சேராமல் போகிறது. இதைத் தடுக்க ஊருக்கு முதலில் தேவைப்படுவது பணமோ பொருளோ அன்று, எல்லாத் தரப்பாரும் உட்காரும் ஒரே மேசையும் எல்லோரும் நம்பும் ஒரே பட்டியலும்தான்.

நம் மாவட்டத்தில் அமைப்புகளுக்குக் குறைவில்லை. கத்தோலிக்கப் பங்குகளின் பங்குப்பேரவையும் அன்பியங்கள் எனும் சிறு குடும்பக் குழுக்களும், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளும், பள்ளிவாசல் ஜமாத்தும், கோயில் நிர்வாகமும், மகளிர் சுயஉதவிக் குழுக்களும், இளைஞர் மன்றங்களும் தத்தம் எல்லைக்குள் வலுவாகவே இயங்குகின்றன. பேரிடர் நாளில் இவை தனித்தனியே பொருள் திரட்டித் தனித்தனியே கொடுத்தால், எந்த அமைப்பிலும் சேராத குடும்பம் விடுபட்டுவிடும். ஆகவே முதல் நாள் மாலையே ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர், வார்டு உறுப்பினருடன், ஒரு பொது இடத்தில் கூட வேண்டும். வழிபாட்டிடத்தைவிடப் பள்ளிக்கூடமே இதற்கு நல்லது, ஏனெனில் அங்கே வர யாரும் தயங்கமாட்டார்கள். வீட்டுக்குள் யார் படுக்கையில் இருக்கிறார், எந்தக் கைக்குழந்தைக்குப் பால் இல்லை என்பதைப் பெண்களே நன்கு அறிவார்கள் என்பதால், கூடுவோரில் பாதிப்பேராவது பெண்களாக இருக்கட்டும். கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் பேசும் பொறுப்பை இருவரிடம் மட்டும் ஒப்படையுங்கள். பலர் பலவாறு சொன்னால் எந்தச் செய்தியும் நம்பப்படாது.

அடுத்தது பட்டியல். கைப்பேசியும் மின்சாரமும் இல்லாத நாளில் கோடு போட்ட நோட்டுப் புத்தகமே போதும். தெருவுக்கு இருவராக வீடு வீடாகச் சென்று, குடும்பத் தலைவர் பெயர், இருப்போர் எண்ணிக்கை, முதியோர், கர்ப்பிணிகள், நாள்தோறும் மருந்து உண்போர், வீட்டின் சேதம் ஆகியவற்றை எழுத வேண்டும். வாடகைக்கு இருப்போரையும் வெளிமாநிலத் தொழிலாளர்களையும் விட்டுவிடாதீர்கள். குடும்ப அட்டையை மட்டும் பார்த்து எழுதினால் இவர்கள் ஊரிலேயே இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

கடற்கரை ஊர்களில் இந்தப் பட்டியல் உயிர் காக்கும் ஆவணம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் தங்கித் தொழில் செய்பவர்கள். கொச்சியிலிருந்து கடலுக்குப் போகும் படகுகளிலும் அவர்கள் இருப்பார்கள். ஒக்கியின்போது கரை திரும்பாதவர் எத்தனை பேர் என்பதிலேயே குழப்பம் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். எனவே ஆளின் பெயரோடு படகின் பெயர், பதிவு எண், புறப்பட்ட துறைமுகம், புறப்பட்ட நாள், கடைசியாகப் பேசிய நேரம், உடன் சென்ற மற்ற ஊர், மற்ற மாநிலத் தொழிலாளர் பெயர் ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். படகு வேறு மாநிலக் கரையில் ஒதுங்கியிருக்கக்கூடும். ஒக்கியில் மகாராஷ்டிரக் கரை வரை சென்று கரையேறிய படகுகள் உண்டு. ஒருவர் திரும்பியதும் பெயரை அழிக்காமல், அருகில் நாளும் இடமும் குறித்து வையுங்கள். பட்டியலின் ஒரு படியை மீன்வளத் துறையிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

மரம் வெட்டி வழி திறப்பதில் நம் இளைஞர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் விழுந்த மரத்தோடு மின்கம்பி பின்னிக் கிடந்தால், மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்ததாக உறுதி சொல்லும்வரை அதன் அருகே ஒருவரும் போகக் கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும், மோட்டார் நின்றால் தண்ணீர் நிற்கும். ஊர் சேர்ந்து ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, முறை வைத்து, முதலில் பொதுத் தொட்டியையும் பிறகு வீட்டுத் தொட்டிகளையும் நிரப்பலாம். கப்பியும் கயிறும் உள்ள கிணறுகளைப் பொதுவாக்குங்கள். வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் குளோரின் கலக்காமல் பயன்படுத்தக் கூடாது. நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் என்பது பொதுக் கணக்கு. 2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீர்மட்டமும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் இருக்கும் என்பதால், அதற்கு 24 கிராம் ஆகும். கலங்கிய நீருக்குக் கூடுதலாக வேண்டும், அந்த அளவைச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பவுடரை வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, மேலும் நீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை பத்து நிமிடம் விட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே நீர் எடுக்கலாம். சேற்றில் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சல் கண்டால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்பதால், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

வெளியூரிலிருந்து உதவ வருவோரிடம் உங்கள் தேவையை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆழிப்பேரலைக்குப் பின் பழைய துணிகள் வழியோரங்களில் குவிந்து நனைந்து கிடந்ததை நாம் மறக்கவில்லை. பாய், பாத்திரம், தார்ப்பாய், நாப்கின் என்று பட்டியலைப் பார்த்துக் கேளுங்கள். பொருளை வரிசையில் நிற்கவைத்துக் கொடுப்பதைவிட வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. வாங்குபவரைப் படம் எடுக்கவே கூடாது.

சாய்ந்த வாழையையும் ரப்பரையும் அகற்றுமுன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலைத் துறையினரும் பார்வையிடும்படி செய்யுங்கள். பாட்டத்துக்கு (குத்தகைக்கு) நிலம் எடுத்து வாழை வைத்தவருக்குப் பட்டா தன் பெயரில் இருக்காது. இழப்பு அவருடையதாக இருக்க, நிவாரணம் நில உடைமையாளர் பெயருக்குப் போய்விடும். இன்ன விளையில் (தோட்ட நிலத்தில்) இன்னாரே பயிர் செய்தார் என்று ஊர்க்குழு எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பதும், நில உடைமையாளரிடம் பேசி இசைவுக் கடிதம் வாங்கித் தருவதும் வேறு யாராலும் செய்ய முடியாத உதவி.

காணாமற்போனவரின் குடும்பத்துக்கு ஊரின் துணை மிக நீண்ட காலம் வேண்டும். ஏழு ஆண்டு செய்தி இல்லாதவரையே இறந்தவராகக் கருதலாம் என்பது பொதுச் சட்டம். பேரிடரில் அரசு தனி ஆணை பிறப்பித்தால்தான் அதற்குமுன் நிவாரணம் கிடைக்கும். அதற்குக் காவல் நிலையப் புகாரின் நகல், உடன் சென்று மீண்டவர்களின் வாக்குமூலம், முதல் நாள் எழுதிய அந்த நோட்டுப் புத்தகம் ஆகியவை தேவைப்படும். அலுவலகத்துக்கு அந்தக் குடும்பத்துப் பெண்ணைத் தனியே அனுப்பாமல், குழுவிலிருந்து ஒருவர் ஒவ்வொரு முறையும் உடன் செல்லும்படி முறை வகுத்துக்கொள்ளுங்கள். நோட்டின் ஒரு படியை அந்தக் குடும்பத்திடமும், இன்னொன்றை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்து வையுங்கள்.