ஸ்காட்டிஷ் நடன மாலையில் தடுமாறாமல் ஆட

டொராண்டோவோ டோக்கியோவோ, ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் மாலையில் புதியவர்கள் திணறுவது காலடியில் அல்ல. எப்போது, எங்கே நிற்பது என்பதில்தான்.

பல நடனங்களுக்கு நான்கு ஜோடிகள் எதிரெதிர் வரிசையில் நிற்பார்கள். இசை வரும் பக்கம்தான் ‘மேல்’. ஆண்கள் வரிசைக்கு அது இடது தோள் பக்கம். வரிசையில் சேர எப்போதும் கடைசிக்கே போங்கள். நடுவில் நுழைந்தால் எண்ணிக்கை கெடும், முறைப்பும் கிடைக்கும். புதியவருக்கு மேலிருந்து நான்காம் இடம் உத்தமம். நால்வரில் மூன்று ஜோடிகள் மட்டும் ஒரு சுற்றில் ஆடும் ‘மூன்று ஜோடி’ நடனமென்றால் முதல் சுற்று முழுவதையும் நின்று பார்க்கலாம்.

ஆனால் குழப்பமும் அங்கேதான். முதல் ஜோடி இரண்டு சுற்று ஆடி மூன்றாம் இடத்துக்கு வந்திருக்கும். மூன்றாம் சுற்று தொடங்கும்போது அவர்கள் வெளிப்புறமாகக் கடைசிக்கு இறங்க, நான்காம் ஜோடி ஓர் இடம் மேலேற வேண்டும். வேடிக்கை பார்த்தபடி அசையாமல் நின்றால், அடுத்து ஆடவரும் ஜோடிக்கு மூன்றாம் இடத்தில் ஆட ஜோடி இருக்காது.

வட்டமாகக் கைகோத்தால் முதலில் இடப்பக்கம் எட்டு அடி, பிறகு வலப்பக்கம் எட்டு அடி. ஏழாவது அடியிலேயே வேகத்தைக் குறையுங்கள். எட்டுவரை பாய்ந்தால் திரும்ப நேரமிருக்காது. பக்கத்திலிருப்பவர் தோள்தான் இழுபடும்.

வழி தவறினால் நின்று யோசிக்காதீர்கள். எதிரே நீளும் கையைப் பிடித்து நகருங்கள்; பெரும்பாலான அசைவுகள் எட்டு பார்களில் (இசையின் தாளப் பகுதிகளில்) முடிந்துவிடும், அடுத்ததில் சேர்ந்துகொள்ளலாம்.

காலணி மென்மையான, தட்டையான அடி கொண்டதாக இருக்கட்டும். ரப்பர் அடி தரையைக் கவ்வும், திரும்பும்போது முழங்கால் நோகும்.