முள் காட்டிய 2, நான் எழுதிய 2

வெல்டிங் இணைப்புகளைக் காமா கதிரால் படமெடுத்துச் சோதிக்கும் வேலை எனக்கு. கதிர்வீச்சை அளக்கும் எங்கள் சர்வே மீட்டர் பழையது. முள் காட்டுவது பழைய அலகில், மணிக்கு எத்தனை மில்லி ராண்ட்ஜன் என்று. பதிவேட்டில் எழுத வேண்டியதோ இன்றைய அலகான மைக்ரோ சீவர்ட்டில். கயிறு கட்டிய எல்லையில் முள் 2-இல் நின்றது, நானும் 2 என்றே எழுதினேன். மறுநாள் மேற்பார்வையாளர் அதே இடத்தில் புது டிஜிட்டல் மீட்டரை நீட்டினார்: 21. "என்னப்பா, ஒரே ராத்திரியில பத்து மடங்கா?"

கசிவு ஒன்றும் இல்லை, அலகுதான் கோளாறு. சீவர்ட்டுக்கு முந்தைய பழைய அலகு ரெம். 1 ரெம் என்பது 0.01 சீவர்ட், அப்படியானால் 1 மில்லி ரெம் 10 மைக்ரோ சீவர்ட். காமா கதிருக்கு ராண்ட்ஜன், ராட் (உறிஞ்சும் ஆற்றலுக்கான பழைய அலகு), ரெம் மூன்றையும் தோராயமாக ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம். ஆக, என் 2 உண்மையில் 20.

வலைத்தளக் கணக்கி ஒன்றில் ராண்ட்ஜனைப் போட்டால் 2.58 × 10⁻⁴ கூலும்/கிலோ என்று வந்து இன்னும் குழப்பியது. அதுவும் சரிதான், ஆனால் அது காற்றில் உண்டாகும் மின்னூட்டம். உடம்பு வாங்கும் அளவு அல்ல. ஒரு கூலும் மின்னூட்டம் உண்டாகச் சுமார் 34 ஜூல் ஆற்றல் வேண்டும். பெருக்கினால் 1 ராண்ட்ஜனுக்குக் காற்றில் 8.76 மில்லிகிரே (கிரே என்பது ஒரு கிலோ பொருள் உறிஞ்சும் ஆற்றலுக்கான அலகு). தசையில் 9.6 அளவுக்கு வரும். அதை 10 என்று வைத்தால் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும், பரவாயில்லை.

அப்புறம் மீட்டரின் மேல் பிளாஸ்டர் ஒட்டி "×10" என்று எழுதினேன். பழைய பதிவுகளை அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணும் கையெழுத்தும்.